கையை நம்பும் செயலிகளுக்கு ஒரு வாழ்த்து

நோட்டுச் செயலி செய்கிறவர்களைப் போல மனிதரை நம்புகிறவர்களை நான் பார்த்ததில்லை. போனில் இரண்டாயிரம் ரூபாய் அனுப்பப் போனால் வங்கிக்காரர்கள் பெறுபவரின் பெயரைக் காட்டுகிறார்கள், பின் எண் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரியை அழிக்கப் போனால் எனக்கு மட்டும் அழிக்கவா, எல்லாருக்கும் அழிக்கவா என்று கேட்கிறார்கள். நோட்டுச் செயலியில் அந்தக் கேள்வியெல்லாம் கிடையாது. அப்பாவின் இன்சூரன்ஸ் பாலிசி எண்ணில் ஓர் இலக்கத்தைத் தூக்கினாலும் சரி, வீட்டுப் பத்திரத்தின் ஆவண எண்ணில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தாலும் சரி, ‘மாற்றியது நீங்கள், காரணம் இல்லாமலா மாற்றியிருப்பீர்கள்’ என்று அந்த நொடியே ஏற்றுக்கொள்கிறார்கள். இவ்வளவு நம்பிக்கையை என் வீட்டார்கூட என்மேல் வைத்ததில்லை.

அவர்கள் கொடுத்த வசதிகளில் முதலில் சொல்ல வேண்டியது, ‘சேமி’ என்ற பொத்தானையே எடுத்துவிட்டதை. முன்பெல்லாம் எழுதி முடித்தபின் சேமிக்கவா என்று கணினி கேட்கும். கைதவறி ஏதாவது செய்திருந்தால் அந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். இப்போது தொட்டதெல்லாம் சேமிக்கப்படுகிறது. நாம் நினைத்து எழுதியதும், நினைக்காமல் விரல் எழுதியதும் ஒரே மரியாதையோடு மேகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. எதையும் தொலைக்கக் கூடாது என்ற அக்கறையில் செய்தது இது, அதை மதிக்கிறேன். ஆனால் பிழையும் தொலையாமல் இருக்கிறதே.

இந்த வேகத்தை எங்கள் வீட்டில் நேரில் பார்த்தோம். அம்மாவின் மாத்திரைப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, தங்கைக்கும் தம்பிக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் ஷேர் செய்திருந்தேன். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை 50, சாப்பிட்டபின் மெட்ஃபார்மின் 500, இரவில் பி.பி. மாத்திரை, அதன் கீழே கொலஸ்ட்ரால் மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒருநாள் தங்கை கூப்பிட்டாள். “அண்ணா, அம்மாவுக்கு ராத்திரி பி.பி. மாத்திரைய டாக்டர் நிறுத்திட்டாரா?” “இல்லையே, யாரு சொன்னா?” “நோட்டுல அந்த வரியே இல்லையே!”

திறந்து பார்த்தேன். இல்லை. இரவு என்ற தலைப்புக்குக் கீழே நேராகக் கொலஸ்ட்ரால் மாத்திரை நின்றது. இடையில் ஒரு வெற்றிடம்கூட இல்லை. ஏதோ ஒன்று இருந்து போயிருக்கிறது என்று காட்டுகிற தழும்பு எதுவும் இல்லாமல் பட்டியல் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. நடந்ததைப் பிறகுதான் கோத்துப் பார்த்தோம். யாரோ ஒருவர் படிப்பதற்காகத் திறந்திருக்கிறார். விரல் சற்று அழுத்தமாகப் பட்டு அந்த வரி தேர்வாகியிருக்கிறது. கீழே விசைப்பலகை தானாக மேலே வந்திருக்கிறது. போனைச் சட்டைப் பைக்குள் போடும்போதோ குழந்தை கையில் கொடுக்கும்போதோ ஒரு தொடுகை. அவ்வளவுதான். அடுத்த நிமிடமே எங்கள் எல்லார் போனிலும் அதே பட்டியல், ஒரு மாத்திரை குறைவாக. ஊர் ஊராக இருக்கும் ஒரு குடும்பத்தை ஒரே தவறில் இவ்வளவு சீக்கிரம் ஒன்றுசேர்க்க வேறு எந்தக் கருவியாலும் முடியாது. மாத்திரை அட்டை டப்பாவில் இருந்ததாலும், தங்கைக்கு நினைவிருந்ததாலும் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

யார் செய்தார் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. நாலு பேரும் படிக்கத்தான் திறந்தோம், ஒருவரும் எழுதத் திறக்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ‘படிக்க மட்டும்’ என்று ஒரு நிலை. டாக்டர் மருந்தை மாற்றும் நாளில் அதை எடுத்துவிட்டுத் திருத்தினால் போதும்.

அப்படியானால் இந்தச் செயலிகளுக்கு அனுமதி என்பதே தெரியாதோ என்று நினைத்துவிடக் கூடாது. பிறருக்கு அனுமதி வகுப்பதில் இவர்களுக்கு இருக்கும் நுணுக்கத்தைப் பாருங்கள். கூகுள் டாக்ஸில் பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், திருத்துபவர் என்று மூன்று படிகள். நோஷனில் முழு அதிகாரம், திருத்தம், கருத்து, பார்வை என்று நான்கு. எவர்நோட்டில் பார்க்கலாம், திருத்தலாம், திருத்துவதோடு இன்னொருவரையும் அழைக்கலாம் என்று தரம் பிரித்தார்கள். வெளியாள் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை இத்தனை கவனமாக யோசித்தவர்கள், உரிமையாளருக்கு ஒரே ஒரு படிதான் வைத்தார்கள்: உச்சிப்படி. பெரும்பாலான நோட்டுச் செயலிகளில் அங்கிருந்து அவர் இறங்கவே முடியாது. தன் நோட்டைத் தானே ஒரு வாசகனாகத் திறக்கிறேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. திறந்தாலே அவர் எழுத்தாளர்.

கூகுள் கீப்பைச் செய்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய் எல்லாரையும் சமமாக நடத்தினார்கள். 2013-இல் வந்த அந்தச் செயலியில் ஒரு நோட்டை ஒருவருக்குப் பகிர்ந்தால் அவரும் அதில் எழுதலாம், அழிக்கலாம். பார்வையாளர் என்ற கீழ்ப்படியே அங்கே வைக்கவில்லை. மளிகைச் சாமான் பட்டியலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கடையில் நிற்பவர் துவரம்பருப்பை வாங்கியதும் அடித்துவிடலாம். அதே சுதந்திரத்தோடு ரத்தப் பிரிவையும் அவசரத் தொலைபேசி எண்களையும் அடித்துவிடலாம் என்பதுதான் சங்கடம்.

பூட்டு வைத்தவர்களும் உண்டு. ஆப்பிள் நோட்ஸில் 2016-இல், ஐஓஎஸ் 9.3-இல், நோட்டைப் பூட்டும் வசதி வந்தது. அழகான பூட்டு. கடவுச்சொல் கேட்கும், விரல்ரேகை கேட்கும், பின்னாளில் முகத்தையும் கேட்டது. அது காட்டுகிற கண்டிப்பெல்லாம் படிக்க வருகிறவரிடம்தான். முகம் காட்டி உள்ளே போய்விட்டால் அப்புறம் எழுதலாம், அழிக்கலாம், சில நிமிடத்துக்கு ஒரு தடையும் இல்லை. பிறரோடு பகிர்ந்த நோட்டை அதில் பூட்டவும் முடியாது. ஒன்நோட்டில் ஒரு பகுதிக்குக் கடவுச்சொல் போடுவதும் இதே கதைதான்; கடவுச்சொல்லை மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை மீட்டுத் தர முடியாது, அவ்வளவு உறுதி. நவராத்திரிக் கொலுவில் எந்த வீட்டுக் குழந்தைக்கும் சொல்வது, ‘பார்க்கலாம், தொடக் கூடாது’ என்பது. இவர்கள் கொலுவைத் துணி போட்டு மூடி, துணியை விலக்கத் தெரிந்தவர் எந்தப் பொம்மையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். மறைப்பதும் காப்பதும் ஒன்றே என்று எண்ணுகிற இந்த எளிமையை என்னவென்று சொல்ல. மருந்துப் பட்டியலை யாரும் படிக்கக் கூடாது என்றா பூட்டுவோம்? எல்லாரும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அதை எழுதி வைத்தோம்!

நோஷன் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டது. அதன் பக்க மெனுவில் பூட்டு என்று ஒன்று இருக்கிறது. போட்டால் பக்கத்தைப் படிக்கலாம், எழுத்துகள் அசையா. தட்டினால் திறக்கும். கைப்பிசகைத் தடுக்க இது போதும். இதைச் செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் திருத்தும் அனுமதி உள்ள யாரும் அதைத் திறந்துவிடலாம். அப்பார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் மோட்டார் நேர அட்டவணையைப் பூட்டிவைத்த செயலாளரும், அந்த நேரம் பிடிக்காத மூன்றாம் மாடிக்காரரும் ஒரே சாவிக்கு உரியவர்கள். பூட்டியவர் மட்டும் திறக்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் பூட்டு முழுமையாகியிருக்கும்.

எவர்நோட்டின் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். 2008-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட செயலி அது. வாழ்நாள் முழுக்க நினைவில் வைக்க வேண்டியதை எல்லாம் எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டார்கள், மக்களும் கொடுத்தார்கள். ஒரு நோட்டைத் திருத்த முடியாதபடி வைக்க வழி சொல்லுங்கள் என்று பயனர்கள் நெடுங்காலம் கேட்டார்கள். அந்த வழி எவர்நோட்டுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு நோட்டின் உள் விவரங்களிலும் ‘கன்டென்ட் கிளாஸ்’ என்று ஒரு புலம். அதில் எதையாவது எழுதிவிட்டால் அந்த நோட்டு எவர்நோட்டில் படிக்க மட்டும் என்று ஆகிவிடும். எதற்காக அதை வைத்தார்கள்? பிற செயலிகள் எவர்நோட்டில் கொண்டுவந்து வைக்கும் தகவலைப் பயனர் தெரியாமல் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. சாப்பிட்டதைப் படம் பிடித்து வைக்க எவர்நோட் ஃபுட் என்று ஒரு துணைச் செயலி நடத்தினார்கள். அதன் நோட்டுகளுக்கு அப்படி ஒரு தனி வகுப்புப் பெயர் இருந்தது. ஆக, செயலி எழுதியதைப் பயனரின் கையிலிருந்து காப்பாற்ற ஏற்பாடு இருந்தது. பயனர் எழுதியதை அவர் கையிலிருந்தே காப்பாற்ற மெனுவில் இடம் இருக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்த பயனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நோட்டை ஏற்றுமதி செய்தார்கள். ‘எனெக்ஸ்’ என்ற விரிவோடு ஒரு கோப்பு வரும். அதை நோட்பேடில் திறந்தால் கோணல் அடைப்புக்குறிகள் அடர்ந்த எக்ஸ்எம்எல். அதில் நோட்டின் பண்புகள் இருக்கும் இடத்தைத் தேடி, கன்டென்ட் கிளாஸ் என்ற வரியைத் தங்கள் கையால் தட்டச்சு செய்து, சேமித்து, மறுபடி எவர்நோட்டுக்குள் இறக்கினார்கள். நோட்டு பூட்டிக்கொண்டது. ஆனால் இறக்கிய நோட்டு செயலியின் கணக்கில் ஒரு புது நோட்டு. பழையதற்கு வேறு நோட்டுகளிலிருந்து கொடுத்திருந்த லிங்க் எதுவும் இதற்கு வராது. மீண்டும் திருத்த வேண்டுமென்றால் இதே சுற்று. ஒரு பொத்தானைத் தராமல் இருந்ததன் மூலம், வக்கீல்களையும் வாத்தியார்களையும் எக்ஸ்எம்எல் எழுதும் அளவுக்கு வளர்த்துவிட்ட பெருமை இவர்களுடையது. வேறெந்த நிறுவனம் வாடிக்கையாளரின் கல்வியில் இத்தனை அக்கறை எடுத்திருக்கிறது!

‘இது புதிய சிக்கல், தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை’ என்று யாராவது அவர்களுக்காக வாதாடினால் அதை ஏற்க மாட்டேன். அவர்களின் திறமைக்கு அது இழுக்கு. ஒலிநாடாவின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் புதிதாகப் பதிய முடியாது. பாட்டைக் கேட்கலாம், அதன்மேல் தெருச்சத்தத்தை ஏற்ற முடியாது. மனம் மாறினால் ஓட்டையின்மேல் ஒரு துண்டு செலோ டேப் போதும். மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் மூலையில் ஒரு தள்ளுகட்டை இருந்தது; சிறு ஜன்னல் திறந்திருந்தால் எழுத முடியாது. யூனிக்ஸில் 1970-களின் தொடக்கத்திலேயே கோப்பின் உரிமையாளர் தன் எழுதும் அனுமதியைத் தானே எடுத்துவிட முடிந்தது. அப்படிப்பட்ட கோப்பை விம் என்ற எடிட்டரில் திறந்து மாற்றிச் சேமிக்கப் போனால், இது படிக்க மட்டும், மீற வேண்டுமானால் ஓர் ஆச்சரியக்குறி சேர் என்று சொல்லும். உரிமையாளரின் அதிகாரத்தை அது பறிக்கவில்லை. ‘நிஜமாகத்தான் செய்கிறாயா?’ என்று ஒரு விசையளவு நேரம் நிறுத்துகிறது, அவ்வளவே. அந்த ஒரு விசை அளவு தயக்கத்தைத்தான் இத்தனை நோட்டுச் செயலிகளிடமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தவறு நடந்தால் என்ன, பழைய பதிப்பை மீட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அதிலும் நம் கவனத்தின்மேல் அவர்களுக்கு இருக்கும் மதிப்பு தெரிகிறது. நோஷனின் இலவசக் கணக்கில் பக்க வரலாறு 7 நாள் இருக்கும். ஆப்பிள் நோட்ஸில் தூக்கிப்போட்ட முழு நோட்டு, ‘சமீபத்தில் அழித்தவை’யில் சுமார் 30 நாள் கிடக்கும்; நோட்டுக்குள் ஒரே ஒரு வரி மட்டும் போயிருந்தால் அதற்கு அங்கே இடமில்லை. நாம் காப்பாற்ற நினைக்கும் நோட்டு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். தினமும் திறந்து எழுதுகிற நோட்டு அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை திறப்பது: கார் இன்சூரன்ஸ் எண், பிள்ளையின் தடுப்பூசித் தேதிகள், கடனுக்குக் கட்டிய தொகை, பாட்டியின் பிறந்த ஊரும் கோத்திரமும் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியும். ஜனவரியில் விழுந்த பிழை டிசம்பரில் கண்ணில் படும். அதற்குள் வரலாறு முடிந்திருக்கும். அப்போதுகூடச் செயலி நம்மைக் குற்றம் சொல்லாது, நோட்டில் என்ன இருக்கிறதோ அதைத் தெளிவாகக் காட்டும்.

அலுவலகங்களில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கிறோம். பார்க்க மட்டும் என்று லிங்க் அனுப்பினால் பத்து நிமிடத்தில் “சார், எடிட் ஆக்சஸ் குடுங்க” என்று வரிசையாக மெயில் வரும். இரண்டு முறை கொடுத்துப் பார்த்தவர், மூன்றாம் முறை லிங்க் வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டு நிம்மதியாகிறார். அந்த லிங்க் வேலையை விட்டுப் போனவரிடமும் இருக்கும். ஒன்நோட்டில் பகிர்வது நோட்டுப் புத்தகம் முழுவதையும்தான். ஒரு பக்கத்தை மட்டும் படிக்க மட்டுமாக்கி, பக்கத்துப் பக்கத்தைத் திறந்துவைக்க நினைத்தால் நோட்டுப் புத்தகத்தையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆனால் அதே மைக்ரோசாஃப்ட் பள்ளிகளுக்குக் கொடுத்த கிளாஸ் நோட்புக்கில் ஆசிரியர் வைக்கும் பாடப் பகுதியை மாணவர் படிக்கலாம், மாற்ற முடியாது. வகுப்பறைக்கு அது தேவை என்று தெரிந்திருக்கிறது. வீட்டில் அம்மாவுக்கும் தேவைப்படலாம் என்று தோன்றவில்லை.

படிக்க மட்டும் என்ற நிலையை இவர்கள் எவ்வளவு சுத்தமாகச் செய்யக்கூடியவர்கள் என்பதை அறிய வேண்டுமானால், பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும். கூகுள் கணக்கில் இலவச இடமான 15 ஜிபி நிரம்பி வழிந்தால் டாக்ஸைத் திறந்து படிக்கலாம், திருத்த முடியாது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா முடிந்து சில காலம் ஆனால் வேர்டும் எக்செலும் கோப்பைக் காட்டும், அச்சிடவும் விடும், திருத்த விடாது. எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 நோட்டு என்று வரையறுத்தது. ஐம்பத்தொன்றாவதை எழுதப் போனால் கையைப் பிடித்து நிறுத்தும். ஒரு வரி பிசகுவதில்லை, ஒரு தொடுகை உள்ளே நுழைவதில்லை. கேசட்டின் உடைந்த பல்லைவிட உறுதியான தடுப்பு. சந்தா கட்டாதவரின் எழுத்தை அவர் கையிலிருந்து இத்தனை பத்திரமாகக் காக்கிறவர்கள், சந்தா கட்டியவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பை ஏன் தர மறுக்கிறார்கள்?

அப்சிடியனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பாராட்டில் குறை கலக்கவில்லை. 2020-இல் வந்த அந்தச் செயலியில் வாசிப்புப் பார்வை என்று தனியாக உண்டு. எந்த நோட்டும் முதலில் வாசிப்புப் பார்வையிலேயே திறக்கட்டும் என்று அமைப்பில் ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். நோட்டுகள் நம் கணினியிலேயே சாதாரண உரைக் கோப்புகளாக இருப்பதால், கணினியின் படிக்க மட்டும் குறியையும் அவற்றுக்குப் போடலாம். சிறிய குழு செய்த செயலி அது. அவர்களால் முடிந்திருக்கிறது.

பெரிய செயலிகளைச் செய்கிறவர்களே, உங்களிடம் பெரிய வசதி எதுவும் கேட்கவில்லை. செயற்கை நுண்ணறிவு என் நோட்டைச் சுருக்கித் தர வேண்டாம், என் வாக்கியத்தை அழகாக்க வேண்டாம். ஒவ்வொரு நோட்டின் தலையிலும் ‘படிக்க மட்டும்’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதை எழுதியவரும் போட்டுக்கொள்ள முடியட்டும். பகிர்ந்தவர்கள் எல்லாருக்கும் அது செல்லட்டும். எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், போட்டவர் மட்டும் எடுக்கட்டும். இலவசக் கணக்குக்கும் கொடுங்கள்.

அது வரும்வரை வாசகர்களுக்குச் சொல்வது இது: வீட்டில் யாருடைய மாத்திரைப் பட்டியலாவது போன் நோட்டில் இருந்தால் இன்றைக்கே அதை பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். ஒரு பிரதியை அச்சிட்டு, தேதி போட்டு, மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள். டாக்டர் மருந்தை மாற்றினால் பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்டுங்கள்.